அட்டென்ஷன் அக்கா

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாட்டுப்பண் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அட்டென்ஷன் அக்கா வாயில் பாதி பிஸ்கட்டோடு எழுந்து நிற்கிறார். டீ கிளாஸ் மேசைமேல். அதன் பக்கத்தில் தொலைபேசி ரிசீவர் மல்லாந்து கிடக்கிறது. அதற்குள்ளிருந்து டிக்கெட் ஏஜென்ட் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும். அக்கா பிஸ்கட்டை மெல்லவும் மாட்டார், விழுங்கவும் மாட்டார். அதுவாகக் கரைந்தால் கரையலாம், அதற்குத் தடையில்லை. பாட்டு முடிந்ததும் உட்கார்ந்து, ஒரு வாய் டீ குடித்து, ரிசீவரை எடுத்து, "ம், இப்ப சொல்லுங்க. ஜன்னலோர சீட்டு உண்டா இல்லையா?" என்கிறார்.

அந்த நேரத்தில் அலுவலகத்துக்கு யார் வந்திருந்தாலும் நின்றாக வேண்டும். விளையாட்டுச் சாமான் விற்க வந்த ஒருவர், அக்கா சட்டென்று எழுந்ததைப் பார்த்து, தன்னைக் கிளம்பச் சொல்கிறார்போல என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பாட்டு முடிகிறவரை அக்காவால் கூப்பிடவும் முடியவில்லை. பிறகு கீழே டயர் கடை தாண்டி, தெருமுனை வரை ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது. வேறு யாரும் அதை உபயோகிப்பதில்லை. டயர் கடைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் மாடியேறி வந்து, ஒட்டிக்கொண்டுவிட்டது. உலக நாடுகளெல்லாம் நாலு வருஷத்துக்கு ஒரு தரம் கூடி விளையாடுகிறதே பெரிய போட்டி, அதற்கு நம் நாட்டிலிருந்து ஆள் அனுப்புகிற கமிட்டியின் அலுவலகம் அது. இரண்டு அறை. இரண்டிலும் ரப்பர் வாசனை. அக்காவின் பதவி அலுவலக உதவியாளர். டிக்கெட் போடுவது, விசாவுக்கு வரிசையில் நிற்பது, டிராக் சூட்டுக்கு அளவெடுப்பது, ஈட்டி எறிகிறவரின் ஈட்டியை விமானத்தில் ஏற்றச் சண்டை போடுவது, ஓட்டப்பந்தயக்காரருக்கு வயிறு கெட்டுப்போனால் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது, எல்லாம் உதவி என்கிற சொல்லுக்குள் அடக்கம். தலைவர் ஒரு பல் டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். வந்ததும் முதலில் எல்லோருடைய பல்லையும் பார்ப்பார். பிறகுதான் ஃபைலைப் பார்ப்பார்.

முன் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிற்கிறது. கமிட்டியை ஆரம்பித்த புண்ணியவான், வரப்போகிற பதக்கங்களுக்காக முன்யோசனையோடு செய்து வைத்தது. உள்ளே சிவப்பு வெல்வெட், மேலே குட்டி விளக்கு, பித்தளைப் பூட்டு. நம் நாடு ஒரு போட்டி விடாமல் போயிருக்கிறது. ஒரு பதக்கம்கூட வந்ததில்லை. அக்கா அதில் தன் கைப்பையையும் குடையையும் டீத்தூள் டப்பாவையும் வைத்துப் பூட்டுகிறார். "நல்ல பூட்டுங்க. சும்மா தொங்கறதுக்கு இதையாவது காப்பாத்தட்டும்" என்று நியாயம் சொல்கிறார். சர்க்கரை வேண்டுமானால் விளக்கைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு நாம் தோற்ற கதை என்று வாயெடுத்துவிடாதீர்கள். "தோத்தோம்னு யார் சொன்னா? நாம கலந்துக்கிட்டோம். எல்லாரும் ஜெயிக்கவே போனா, அவங்க யாரைத்தான் ஜெயிப்பாங்க?" என்று பிடித்துக்கொள்வார். பிடித்தால் முழு வரலாறும் வந்துதான் விடும்.

முதல் தடவை மூன்று பேர் கப்பலில் போனார்களாம். வழியில் எஞ்சின் மக்கர் பண்ணி, போய்ச் சேர்ந்தது நிறைவு விழா அன்று. நடத்தியவர்களுக்கே மனசு கேட்காமல், ஊர்வலத்தின் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் படம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. ஓடாமல் குதிக்காமல் மூன்று பேரும் வாயெல்லாம் பல்லாக நடந்து வருகிறார்கள். "முதல் தடவையே போய் மொத்தப் போட்டியையும் முடிச்சு வச்சிட்டு வந்த நாடு வேற எது, சொல்லுங்க பார்ப்போம்?" என்பார் அக்கா. நீச்சல்காரர் கதை இதைவிட உருக்கமானது. அவர் பழகியது ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில். போட்டி நடந்த குளம் அதைப்போல இரண்டு மடங்கு நீளம். பாதித் தூரம் போனதும் பழக்க தோஷத்தில் தண்ணீருக்குள் கரணம் அடித்துத் திரும்பிவிட்டார். "பாவம், சுவரைத் தேடிக் காலை உதைக்குது புள்ள. சுவரு அங்க இருந்தாத்தானே?" என்று சொல்லும்போது அக்காவின் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அது சிரிப்பு நீரா வேறா என்று கேட்கக் கூடாது. அந்தப் புள்ள இப்போது வங்கி மேலாளர். அவருடைய கிளையில் போய் இந்தக் கதையைச் சொன்னால் கவுன்டரைச் சாத்திவிடுவார்கள்.

நம் வரலாற்றில் ஒரே ஒரு வெற்றி உண்டு. குத்துச்சண்டைக்காரர் ஒருவர் மேடையேறி நின்றார், எதிராளி வரவில்லை. எடை கூடிப்போனதால் விலக்கிவிட்டார்களாம். நடுவர் நம்மவர் கையைத் தூக்கிப் பிடித்தார். மறுநாள் செய்தித்தாள்களில் தலைப்பு எழுத்து ஒரு சாண் உயரம். அடுத்த சுற்றைப் பற்றி அக்கா அதிகம் பேசுவதில்லை. "கையுறை மாட்டினது கொஞ்சம் நேரம், கழட்டினது கொஞ்சம் நேரம். நடுவுல ஒண்ணும் இல்லை" என்பதோடு சரி.

அந்தப் போட்டிதான் அக்கா போன முதல் போட்டி. இந்தச் சொற்சித்திரத்துக்குக் காரணமான அறையை அவர் கண்டுபிடித்ததும் அப்போதுதான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கம் வாங்கினவருக்குத்தான் போட்டி மேடையில் நாட்டுப்பண் போடுவார்கள். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் கொடி மட்டும். ஆனாலும் எந்தப் புற்றில் எந்தப் பாம்பு என்று தெரியாதே. வந்திருக்கிற அத்தனை நாட்டுப் பாட்டையும் பதிவு செய்து அந்த அறையில் தயாராக வைத்திருப்பார்கள். போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர் போய்க் கேட்டு, ஆமாம், இது எங்கள் பாட்டுத்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருஷத் தலைவருக்குக் கடைத்தெருவில் வேலை இருந்ததால் அக்காவை அனுப்பினார். துணைக்குக் குத்துச்சண்டைக்காரர் போனார். சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு ஹெட்போன். அக்கா ஹெட்போனைத் தொடவே இல்லை. "நம்ம பாட்டைக் காதுக்குள்ள ரகசியமா கேக்கச் சொல்றீங்களே, நாங்க என்ன திருடிக்கிட்டா வந்தோம்? வெளிய விடுங்க" என்று தமிழிலேயே சொல்லி, ஸ்பீக்கரைக் கையால் காட்டினார். விட்டார்கள். அக்கா நிமிர்ந்து நின்றார். குத்துச்சண்டைக்காரர் நின்றார். அந்த ஆளும் என்னவோ ஏதோ என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்நிய தேசத்தில், முன்பின் தெரியாத ஒருவர் விசையை அழுத்த, நம் பாட்டு அறை முழுக்க ஒலித்தது. முடிந்தபோது குத்துச்சண்டைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாராம். மறுநாள்தான் அந்த வெற்றி.

அதிலிருந்து யார் போனாலும் அந்த அறைக்கு மொத்தக் குழுவும் போகும். வேறு எந்த நாட்டுக்கும் இந்த வழக்கம் இல்லை. வேறு எந்த நாட்டுக்கும் இதற்குத் தேவையும் இல்லை. ஓட்டக்காரர்கள், வில் எய்கிறவர்கள், மல்யுத்தக்காரர்கள் என்று அந்த அறையில் நெருக்கியடித்து நின்று, பாட்டைக் கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்து, கடைசி இடத்தைப் பிடிக்கப் போவார்கள். இங்கேதான் தினமும் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறீர்களே, அங்கே போய் வேறு எதற்கு என்று ஒருநாள் பல் டாக்டர் கேட்டுவிட்டார். "இங்க நம்ம பாட்டை நாமளே போட்டுக்கறோம் சார். அங்க இன்னொருத்தர் நமக்காகப் போடறார். ரெண்டும் ஒண்ணா?" என்றார் அக்கா. டாக்டர் யோசித்துப் பார்த்து, ஃபைலுக்குத் திரும்பிவிட்டார்.

இந்த வருஷம் ஆறு பேர் தேர்வானார்கள். அதில் ஒருத்தி பளு தூக்குகிற பெண். பிழைப்புக்கு மரச்சாமான் கடையில் டெலிவரி வேலை. மூன்று பேர் சேர்ந்து திணறுகிற சோபாவைத் தனியாளாகத் தலையில் வைத்து மாடியேற்றிவிட்டு, "அண்ணே, எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்?" என்று மூச்சு வாங்காமல் கேட்பாள். போன தடவை மயிரிழையில் தேர்வு தவறிப்போனவள். டிராக் சூட் அளவு கொடுக்க வந்தபோது, தோளுக்கு டேப் போதாமல் அக்கா இரண்டு தரம் அளந்துகொண்டிருக்க, அவள் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அந்த ரூமுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

"எல்லாரையும்தான் கூட்டிட்டுப் போவேன். கையைத் தூக்கு."

"மெடல் எல்லாம் எனக்கு வராதுக்கா. நான் மூச்சைப் பிடிச்சுத் தூக்கறதை அவங்க உடம்பு சூடேத்திக்கத் தூக்குவாங்க. எனக்குத் தெரியும். அந்த ரூம்ல நின்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டேன்னா போதும். போன தடவை போனவங்க வந்து சொன்னப்ப, ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை."

அக்கா டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். இந்த வருஷக் கடைசியோடு அவருக்குப் பணி ஓய்வு. இனி ஒரு போட்டி அவருக்கு இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. இனிமேல் யாரும் நேரில் வந்து அலைய வேண்டாமாம். உங்கள் நாட்டுப்பண் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள். சரியென்றால் பச்சைப் பொத்தான், தவறென்றால் சிவப்புப் பொத்தான்.

"நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "ஒரு அழுத்து அழுத்துங்க, வேலை முடிஞ்சுது. அந்த ரூமைத் தேடி மைல்கணக்குல நடக்க வேண்டாம் பாருங்க."

அக்கா அழுத்தவில்லை. நேரில் வர அனுமதி கேட்டு எழுதினார். தேவையில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், அன்புடன் தேவையில்லை என்று வந்தது. டாக்டர் வருகிற நாளெல்லாம், "பச்சையை அழுத்தியாச்சா?" என்று கேட்டார். அக்கா, "கேட்டுக்கிட்டிருக்கேன் சார்" என்றார். அதுவும் பொய்யில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்பழுக்கில்லாத பதிவு. முழு வாத்தியக் கோஷ்டியை வைத்து வாசித்து அனுப்பியிருந்தார்கள். குறை சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்று தெரிய வேண்டும். அக்காவுக்குப் பொய் வராது. வராது என்றால், வராத பாஷை மாதிரி வராது. ஒரு தடவை ஈட்டி எறிகிறவரின் பெட்டியில் ஹோட்டல் துண்டு ஒன்று ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மன்னிப்புக் கடிதத்தோடு கடல் கடந்து பார்சல் அனுப்பினார். தபால் செலவு ஈட்டிக்காரருடையது. அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகச் சிவப்புப் பொத்தானையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர், மனைவியின் தேசபக்தியால் நொந்தவர். "எங்க வீட்ல டிவி போடவே பயமா இருக்குங்க. ஒருநாள் குளிச்சிட்டு இடுப்புத் துண்டோட வந்தேன், பாட்டைப் போட்டுட்டான். இவ அசைய விடலையே! பிடிச்ச கைய எடுத்தா துண்டு போகும், எடுக்கலைன்னா மரியாதை போகும்" என்று யார் கிடைத்தாலும் சொல்லிப் புலம்புவார். அன்று சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஒரு விஷயத்துல தப்பே இல்லை. ஆனா தப்பு இருக்குன்னு சொல்லணும். எப்படிங்க சொல்றது?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கேட்காத கேள்வி.

"எங்க கஸ்டமருங்களைக் கேளு. போன் பண்ணுவாங்க, லிஃப்ட்ல ஒரு சத்தம் வருதுன்னு. என்ன மாதிரி சத்தம்னு கேட்டா, 'அது சொல்லத் தெரியலைங்க, நீங்க நேர்ல வந்து கேட்டாத்தான் புரியும்'பாங்க. போய் நின்னா ஒரு சத்தமும் இருக்காது. ஆனா போயித்தானே ஆகணும்?"

மறுநாள் காலை அக்கா அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்தார். சிவப்பை அழுத்தினார். என்ன தவறு என்று விளக்கவும் என ஒரு கட்டம் திறந்தது. "ஓரிடத்தில் ஏதோ சரியாக இல்லை. எழுதிச் சொல்லத் தெரியவில்லை. நேரில் வந்தால்தான் காட்ட முடியும்" என்று எழுதி அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எதிரே பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். எழுந்து நின்றார், அன்றைக்கு என்னவோ ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

பதில் அன்று மாலையே வந்தது. இசைப் பொறுப்பாளர் மிகவும் வருந்துவதாகவும், தயவுசெய்து நேரில் வர வேண்டும் என்றும்.

அலமாரியில் இன்றைக்கும் டீத்தூள்தான் இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பதக்கத்தை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஆறு பேரும் புது டிராக் சூட்டில், தோள் இறுக்கமாக, அக்கா பின்னால் நடந்து அந்த அறைக்குப் போனார்கள். கூடவே டாக்டரும் வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. அதோடு அந்தத் தப்பு என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை.

இசைப் பொறுப்பாளர் ஒல்லியான மனுஷர். சவரம் செய்யாத முகம், சிவந்த கண், கையில் பென்சில், எதிரே நம் பாட்டின் இசைக்குறிப்பு. அதில் அங்கங்கே கேள்விக்குறி போட்டு, அடித்து, மறுபடி போட்டிருந்தார். அவர் படபடவென்று பேசியதை டாக்டர் தமிழில் சொன்னார்.

"தூக்கமே இல்லைங்கறார்மா. இத்தனை வருஷத்துல ஒரு நாடுகூடக் குறை சொன்னதில்லையாம். டிரம் வாசிச்சவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுட்டாராம். அப்புறம் திரும்பக் கேட்டா அவர் மேலயும் தப்பு இல்லையாம். உங்க காது ரொம்ப நுட்பமான காதுன்னு சொல்றார்."

அக்கா யாரோ ஒரு டிரம்காரரிடம் மனசுக்குள்ளேயே கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டார்.

"தப்பு வர்ற இடத்துல நீங்க கையைத் தூக்கணுமாம். அங்கயே நிறுத்திடுவாராம்."

விசையை அழுத்தினார். முரசு முழங்கியது. அக்கா நிமிர்ந்தார், ஆறு பேரும் நிமிர்ந்தார்கள், டாக்டர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். இசைப் பொறுப்பாளர் மட்டும் பாட்டைக் கேட்கவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அக்காவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் ஓரிடத்தில் குரல் உச்சிக்கு ஏறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினம் தவறாமல் சறுக்குகிற இடம். இங்கே அத்தனை வயலினும் சேர்ந்து சறுக்காமல் ஏறின. ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கின. அக்காவின் கை அசையவில்லை. பாட்டு முடிந்தது.

"கையே தூக்கலையேம்மா?" என்றார் டாக்டர்.

"பாட்டு ஓடறப்ப எப்படி சார் கையைத் தூக்கறது? அட்டென்ஷன்ல நிக்கறேனே."

"சரி, இப்பதான் முடிஞ்சிடுச்சே. சொல்லுங்க, எந்த இடம்?"

இசைப் பொறுப்பாளர் பென்சிலைக் காகிதத்தின்மேல் வைத்துக் காத்திருந்தார். ஏதாவது ஓரிடத்தை வாய்க்கு வந்தபடி சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷர் இன்னும் எத்தனை நாள் தூங்காமல் கிடப்பாரோ. உண்மையைச் சொல்லிவிடுவோம், நடப்பது நடக்கட்டும் என்று அக்கா வாயைத் திறந்தார். திறந்தவர், பக்கத்தில் பளு தூக்குகிற பெண்ணைப் பார்த்துவிட்டார். மற்றவர்களெல்லாம் தளர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் இன்னும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் மோவாய் வரை வந்து தொங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. அவளுக்குப் பாட்டு இன்னும் முடியவில்லை.

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. இசைப் பொறுப்பாளரை நேராகப் பார்த்து, கண்ணால் அந்தப் பெண்ணைக் காட்டினார். பிறகு வலது கையைத் தூக்கி, ஒரே ஒரு விரலை நீட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

அந்த மனுஷர் விரலைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று, விசையை அழுத்தினார். முரசு முழங்கியதும் அக்காவின் விரல் அவசர அவசரமாகக் கீழே இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டது.